திமில் எலும்பில் தெரியாது: அழிந்துபோன பாலூட்டிகளை வரையப் புதிதாக வருபவர்களுக்கு

டைனோசர் வரையச் சொல்லிக்கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. வாள்பல் பூனை, மாமத் யானை, சிவாலிக் மலையில் எலும்பாகக் கிடைத்த சிவதீரியம் என்று பழங்காலப் பாலூட்டிகளை வரைய உட்கார்ந்தால்தான் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஏனென்றால் இந்த வேலைக்கு வேண்டிய பாதிப் பாடம் நம் ஊர் மாட்டுச் சந்தையிலும் கறிக்கடையிலும் கிடைக்கிறது. முறையாக ஓவியம் படித்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு மாட்டைப் பார்த்து மாடு மாதிரி வரையத் தெரிந்தால் போதும். அதுவும் வராது என்றால் முதல் மாதம் மாடுதான்.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு. இன்னொருவர் வரைந்த ஸ்மைலோடானை, அதாவது வாள்பல் பூனையை, பார்த்து நீங்கள் ஸ்மைலோடான் வரையாதீர்கள். அவர் வேறொருவரைப் பார்த்து வரைந்திருப்பார், அந்த வேறொருவர் ஏதோ பழைய புத்தகத்தைப் பார்த்திருப்பார், ஒரே தப்பு கைமாறிக் கைமாறி உங்கள் நோட்டுக்கு வந்து சேரும். எலும்புக்கூட்டைப் பாருங்கள். சதைக்கும் தோலுக்கும் அந்த விலங்கின் இன்றைய உறவுக்காரர்களைப் பாருங்கள்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். எச்பி, டூபி, ஃபோர்பி என்று மூன்று பென்சில், நல்ல ரப்பர், ஏ4 பாண்ட் பேப்பர், அப்புறம் முக்கியமாக, அடியில் இருப்பது தெரிகிற பட்டர் பேப்பர். வேலூர் லாங் பஜார் பக்கம் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். எலும்பு ஒரு தாள், அதன்மேல் பட்டர் பேப்பர் வைத்துத் தசை, அதன்மேல் இன்னொன்று வைத்துத் தோல் என்று அடுக்கிக்கொண்டே போகப் போகிறோம். மொபைலில் வரைபவர்கள் ஐபிஸ் பெயின்ட்டிலும், கம்ப்யூட்டர் இருப்பவர்கள் கிருதாவிலும் இதையே லேயராகச் செய்யலாம். இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும்.

முதல் விலங்கைத் தேர்ந்தெடுப்பது

முழு எலும்புக்கூடு கிடைத்த விலங்காகப் பார்த்து எடுங்கள். ஸ்மைலோடான் நல்ல தொடக்கம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள்ளேயே இருக்கும் லா பிரியா தார்க் குழிகளில் அதன் எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பக்கவாட்டுப் படம், முன்பக்கப் படம், மண்டையோடு தனியாக என்று எல்லாம் இணையத்தில் பார்க்கலாம். மாமத் யானைக்கு எலும்பு மட்டுமில்லை, சைபீரியாவின் உறைந்த மண்ணில் தோலும் ரோமமுமாக முழு உடலே கிடைத்திருக்கிறது.

ஆண்ட்ரூசார்கஸ் பக்கம் மட்டும் இப்போதைக்குப் போகாதீர்கள். 1923-ல் மங்கோலியாவில் கிடைத்த ஒரு மண்டையோடு, நீளம் 83 சென்டிமீட்டர், கீழ்த்தாடை கிடையாது, உடம்பும் கிடையாது. அந்த ஒரு மண்டையை வைத்துப் பல வருஷம் அதை ராட்சத ஓநாயாக வரைந்தார்கள். இப்போது அது நீர்யானை, திமிங்கிலம் வகையறாவுக்கு நெருக்கம் என்று சொல்கிறார்கள், ஓநாய் உடம்பு போய்விட்டது. பாகிசீட்டஸ் கதை இதைவிட நல்லது. திமிங்கிலங்களின் ஆதி உறவான இது பாகிஸ்தானில் கிடைத்தது. 1983-ல் மண்டையோட்டுப் பகுதிகளை மட்டும் வைத்துக் கடல்நாய் மாதிரி நீந்துகிற விலங்காகப் படம் போட்டார்கள். 2001-ல் உடல் எலும்புகள் பற்றிய விவரம் வந்தபோது பார்த்தால் நீண்ட கால்களோடு தரையில் நடக்கிற, நாய் உயரத்து விலங்கு. வரைந்தவர்கள் திறமைசாலிகள்தான், கையில் எலும்பு போதவில்லை.

கால்

புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் பின்னங்கால். மாட்டுக்கு முட்டி பின்பக்கமாக மடிகிறது என்று நினைத்துக்கொண்டே வரைவார்கள். அது முட்டி இல்லை, குதிகால். உண்மையான முட்டி மேலே வயிற்றை ஒட்டித் தோலுக்குள் பாதி மறைந்து இருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் நிற்கிறது. இது மண்டையில் ஏற வேண்டுமானால் கறிக்கடைக்குப் போங்கள். “பாய், துண்டு போடாம ஒரு முன்னங்கால், ஒரு பின்னங்கால் முழுசா கொடுங்க” என்று கேளுங்கள். “சூப்புக்கா, பாயாவுக்கா?” என்பார். படம் வரைய என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் கொடுத்துவிடுவார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு தாள்மேல் வைத்து நன்றாகப் பாருங்கள். கடையில் ஆட்டுக்கால் என்று கொடுப்பது முழுக்கால் இல்லை. முன்னங்காலில் மணிக்கட்டுக்குக் கீழே, பின்னங்காலில் குதிகாலுக்குக் கீழே இருப்பது மட்டும்தான், அதாவது உங்கள் உடம்பில் உள்ளங்கையும் விரல்களும் இருக்கிற பகுதி. நீளமாகத் தெரிகிற அந்த ஒற்றை எலும்பு உண்மையில் இரண்டு எலும்பு ஒட்டி ஒன்றானது. கீழ் நுனியை அழுத்தித் தடவினால் நடுவில் பிளவு விரலுக்குத் தட்டுப்படும். அங்கிருந்து இரண்டு விரல் பிரிந்து இரண்டு குளம்பாக முடிகிறது. பின்னால் தரையில் படாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சின்னக் குளம்புகள் மீதி இரண்டு விரல்களின் மிச்சம். மூட்டை மடக்குங்கள், எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய் நிற்கிறது, அதற்குமேல் ஏன் போக மறுக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று கோணத்தில் வரைந்துகொண்ட பிறகு பாயா வைத்துவிடலாம், ஆனால் எலும்பை எறியாதீர்கள், கழுவிக் காயவைத்தால் வருஷக்கணக்கில் உதவும்.

இப்போது நீங்கள் வரையப்போகும் விலங்கு எதில் நிற்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு, மாடு, மான், குதிரை குளம்பு நுனியில் நிற்கின்றன. நாயும் பூனையும் விரலில் நிற்கின்றன, குதிகால் அந்தரத்தில் இருக்கும். கரடியும் நாமும் பாதம் முழுவதையும் ஊன்றுகிறோம். ஸ்மைலோடான் விரலில் நிற்கிற வகை. தென் அமெரிக்காவில் வாழ்ந்த, யானை கனமுள்ள மெகாதீரியமோ (இன்று மரத்தில் தொங்குகிற ஸ்லாத் என்ற விலங்கின் தரைவாழ் உறவு) பின்பாதத்தின் வெளி ஓரத்தில் உடம்பைத் தாங்கி நடந்தது. அதற்குக் கரடிப் பாதம் போட்டு வரைந்த படங்கள் எத்தனையோ உண்டு.

எலும்பைத் தாளில் இறக்குவது

பக்கவாட்டில் நிற்கிற எலும்புக்கூட்டுப் படம் ஒன்றை எடுத்து மண்டையோட்டின் நீளத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். அதுதான் இனி உங்கள் முழம். தோளிலிருந்து இடுப்புவரை எத்தனை தலை, தோள் உயரம் எத்தனை தலை, முன்னங்கால் பெரிதா பின்னங்கால் பெரிதா என்று குறித்துக்கொண்டு அந்தக் கணக்கை உங்கள் தாளுக்கு மாற்றுங்கள். முதலில் முதுகெலும்பு ஒரே கோடாக, அப்புறம் விலாக்கூடு முட்டை வடிவில், இடுப்பு, தோள்பட்டை எலும்பு, கடைசியில் கால்கள். ஒட்டகச்சிவிங்கி உட்படக் கிட்டத்தட்ட எல்லாப் பாலூட்டிகளுக்கும் கழுத்தில் ஏழே எலும்புதான், நீளம் மட்டும்தான் மாறும்.

இந்தக் கட்டத்திலேயே ஸ்மைலோடான் புலி இல்லை என்பது தெரிந்துவிடும். முன்னங்கால் தடித்து உருண்டு இருக்கும், பின்பாகம் அதற்கு ஏற்றாற்போல் இல்லாமல் சற்றுத் தாழ்ந்து இருக்கும், கழுத்து நீளம், வால் குட்டை. தென் அமெரிக்க இனம் 400 கிலோ வரை எடை போட்டிருக்கலாம், கோரைப்பல் வேரோடு சேர்த்து 28 சென்டிமீட்டர். புலியை வரைந்து பல்லை மட்டும் நீட்டினால் அது நீளப்பல் புலிதான். வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு ஒருநாள் போய்ப் புலி நடப்பதைப் பாருங்கள், காட்பாடியில் ரயில் ஏறினால் காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். நடக்கும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை முதுகுக்கு மேலே எழும்பி எழும்பி இறங்கும், அதை மட்டும் பத்து இருபது தடவை வேகமாகக் கிறுக்கிக்கொண்டு வாருங்கள். பூனை, மாடு இவற்றுக்கெல்லாம் தோள்பட்டை எலும்பு உடம்போடு தசையால்தான் கட்டப்பட்டிருக்கிறது, அதனால்தான் அந்த நழுவல்.

நம் ஊரில் தை, மாசியில் எருது விடும் விழா நடக்கிற கிராமங்களில் இன்னும் நல்ல பாடம் இருக்கிறது. தடுப்புக்கு வெளியே நின்று மொபைலில் ஸ்லோமோஷன் வைத்துப் பிடியுங்கள். வீட்டில் வந்து ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்தினால் நான்கு காலும் எந்த வரிசையில் தரையைத் தொடுகின்றன என்று தெரியும். அடுத்த முறை ஓடுகிற சிவதீரியம் வரையும்போது நான்கு காலையும் நான்கு திசையில் விரித்துப் போட மாட்டீர்கள்.

சதை, கொழுப்பு, திமில்

இதுதான் முழு வேலையிலும் கஷ்டமான இடம், ருசியான இடமும்.

செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போங்கள். வெயில் ஏறுவதற்குள் போனால் மாடுகளும் அமைதியாக நிற்கும், ஆட்களும் விரட்ட மாட்டார்கள், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். ஒரு நாட்டுக் காளையைப் பக்கவாட்டில் வரைந்துகொண்டே திமிலைக் கவனியுங்கள். அது முழுக்கத் தசையும் கொழுப்பும்தான், உள்ளே எலும்பு கிடையாது. நம் காளை இனமே அழிந்துபோய், லட்சம் வருஷம் கழித்து யாரோ எலும்புக்கூட்டை மட்டும் தோண்டி எடுத்தால், முதுகெலும்பு முள் சிலவற்றின் நுனி இரண்டாகப் பிளந்திருப்பது ஒன்றுதான் திமிலுக்குச் சாட்சி. அலைதாடிக்கு அந்தச் சாட்சிகூட இல்லை. அமெரிக்கக் காட்டெருமையின் கூன் வேறு ரகம். அங்கே தோளுக்கு மேலே முதுகெலும்பு முள்களே நீண்டு வளர்ந்திருக்கும், எலும்பைப் பார்த்தவுடன் கூன் தெரிந்துவிடும். ஆகவே நீங்கள் வரையும் விலங்கின் தோளில் முள் நீளமா என்று முதலில் பாருங்கள். நீளம் என்றால் கூன் போடுங்கள். நீளமில்லை என்றால் கூன் இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் போட வேண்டுமானால் உறவுக்கார விலங்கு எதிலாவது இருக்க வேண்டும்.

எலும்புமேல் தோலை இழுத்துக் கட்டினாற்போல் வரைவது புதியவர்களுக்கு உள்ள பெரிய வியாதி. மண்டையோட்டில் குழி தெரிந்தால் முகத்திலும் குழி, விலா எலும்பு எண்ணிவிடலாம், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். சந்தையில் பஞ்சத்தில் அடிபட்ட மாட்டுக்குக்கூட அவ்வளவு மோசம் இல்லை. தாடையில் மெல்லுகிற தசை, கழுத்தில் தசை, தொடையில் தசை, அதற்குமேல் கொழுப்பு, அதற்குமேல் தோல், அதற்குமேல் ரோமம் என்று ஒவ்வொரு பட்டர் பேப்பரும் எலும்புக் கோட்டை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். தோலைப் பற்றிக் கேட்க நமக்கு வேறு ஊர் தேவையில்லை. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ தோல் வேலை தெரிந்த சொந்தக்காரர் இருந்தால் ஒரு முழுத் தோலை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் தடிப்பு, வயிற்றில் மெலிசு, கழுத்தில் குறுக்கே மடிப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் போகிற திசையில்தான் உங்கள் விலங்கின் கழுத்துச் சுருக்கமும் போக வேண்டும்.

சில விலங்குகளுக்கு நேரில் பார்த்தவர்களின் சாட்சியே இருக்கிறது. மெகாலோசெரஸ் என்ற ராட்சத மானின் கொம்பு விரிப்பு 3.6 மீட்டர் வரை போகும். அதன் தோளில் இருந்த கூன் கருமையானது என்பதைப் பிரான்சின் குகை ஓவியங்களிலிருந்துதான் அறிகிறோம். 1994-ல் கண்டுபிடித்த ஷோவே குகையில் இருக்கிற சிங்கங்களுக்குப் பிடரி கிடையாது. வரைந்தவர்கள் அவற்றைப் பார்த்தவர்கள், அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மாமத்துக்கு இன்னும் வசதி. 2007-ல் யமால் தீபகற்பத்தில் கிடைத்த லூபா என்ற குட்டியின் உடல் தும்பிக்கை நுனிவரை கெடாமல் இருந்தது. மாமத்தின் காது நம் யானையின் காதைவிட ரொம்பச் சின்னது, குளிருக்காக. தலை உச்சி குவிந்து எழும், முதுகு பின்னோக்கிச் சரியும். நம் ஊர் யானையைப் போர்வை போர்த்தி வரைந்தால் மாமத் ஆகாது.

யானை என்றதும் ஒன்று. பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானை இறங்குவது உண்டு, நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் யானையின் முழு எலும்புக்கூடு நிற்கிறது. அது துரத்தாது.

முகம்

யானை மண்டையோட்டில் நடுநெற்றிக்குக் கீழே ஒரு பெரிய ஓட்டை தெரியும். கண் இல்லை, மூக்கு. மூக்குத் துவாரம் இப்படி மேலேறிப் பின்னால் போயிருந்தால் தும்பிக்கையோ கொழுத்த நீள மூக்கோ இருந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். 1830-களில் ஃபால்கனர், காட்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிவாலிக் மலையில் கிடைத்த எலும்புக்குச் சிவதீரியம் என்று பெயர் வைத்தபோது அதை யானைக்குப் பக்கத்தில் வைத்துத் தும்பிக்கையோடு யோசித்தார்கள். அது ஒட்டகச்சிவிங்கியின் உறவு என்பது பிறகுதான் உறுதியானது. கழுத்து அவ்வளவு நீளமில்லை, உடம்பு எருமை மாதிரி கனம், தலையில் இரண்டு ஜோடி கொம்பு. சிவாலிக்கிலேயே கிடைத்த ஸ்டெகோடான் கணேசாவின் தந்தங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், நடுவில் தும்பிக்கை தொங்க இடமே இல்லை, ஒரு பக்கமாகத்தான் தொங்கியிருக்கும் என்று கருதுகிறார்கள். இதை ஒருமுறை வரைந்து பாருங்கள், விநோதமாகவும் அழகாகவும் வரும்.

கொம்பு விஷயத்தில் மறுபடி ஆடு. ஆட்டுத்தலை வாங்கி வேகவைத்தால் கொம்பின் வெளி உறை கழன்று வரும், உள்ளே எலும்பு நடுத்தண்டு அதைவிடக் குட்டையாக இருக்கும். மண்ணில் பெரும்பாலும் மிஞ்சுவது அந்தத் தண்டுதான். ஆகவே மாட்டு, ஆட்டு வகையறாவுக்கு எலும்பில் தெரிகிற கொம்பைவிட நீட்டி வரையுங்கள். காண்டாமிருகத்துக்குத் தண்டே கிடையாது, மண்டையில் சொரசொரப்பான ஒரு மேடு மட்டும். ஒட்டகச்சிவிங்கியின் கொம்பு தோல் மூடிய எலும்பு. மானுக்கு எலும்புதான் கொம்பு. எது எந்தக் குடும்பம் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

நிறத்தில் அடக்கம் வேண்டும். பாலூட்டி ரோமத்துக்கு நிறமி இரண்டே வகை. ஒன்று கருப்பும் பழுப்பும் தரும், இன்னொன்று செம்பும் மஞ்சளும் தரும். பச்சை ரோமம், நீல ரோமம் எல்லாம் வேண்டாம். டைனோசர் காலத்துச் சின்னப் பாலூட்டிகள் ஆறின் ரோமத்தை ஆராய்ந்து 2025-ல் வந்த முடிவு, எல்லாமே ஏறத்தாழ ஒரே கரும்பழுப்பு என்கிறது. வாள்பல் பூனைகளில் ஹோமோதீரியத்தின் உறைந்த குட்டி ஒன்றைப் பற்றி 2024-ல் எழுதினார்கள், அதுவும் கரும்பழுப்பு ரோமம்தான். ஆனால் குட்டியின் நிறம் வளர்ந்ததற்கும் பொருந்த வேண்டும் என்றில்லை.

உறவுக்காரர்கள்

டைமெட்ரோடானை எல்லோரும் டைனோசர் பொம்மையோடு சேர்த்து விற்கிறார்கள். முதுகில் பாய்மரத்தோடு இருக்கிற அது டைனோசரைவிட நமக்குத்தான் நெருக்கம். லிஸ்ட்ரோசாரஸும் அப்படித்தான், அதன் எலும்பு மேற்கு வங்கத்தில் ராணிகஞ்ச் பகுதியில்கூடக் கிடைத்திருக்கிறது. இவற்றுக்கு வெளிக்காது மடல் போடாதீர்கள், ரோமமும் வேண்டாம். லிஸ்ட்ரோசாரஸின் தோல் பதிந்த மாதிரிகள் தென்னாப்பிரிக்காவில் கிடைத்து 2022-ல் விவரம் வந்தது, ரோமமில்லாத, குழிகுழியான தோல். இன்னொரு பக்கம் இந்தோஹியஸ்: ஜம்முப் பகுதியில் கிடைத்தது, 4.8 கோடி வருஷத்துக்கு முந்தையது, பூனை அளவே, திமிங்கில வம்சத்துக்குப் பக்கத்து வீடு. உடல்வாகுக்கு நம் காடுகளில் இருக்கிற சருகுமானைப் பாருங்கள்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு யாளியையும் அழிந்த விலங்கு என்று இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எலும்பு ஒன்றுகூட இல்லை, அது சிற்பியின் கற்பனை. ஆனால் அந்தத் தூண்களை வரைந்து பழகுவது நல்ல பயிற்சி, இல்லாத விலங்குக்குத் தோளும் தொடையும் எங்கே புடைக்க வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அளவும் பின்னணியும்

படத்தின் ஓரத்தில் ஒரு மனிதனை நிழலாக நிறுத்துங்கள். பாராசெராதீரியம் கொம்பில்லாத காண்டாமிருக உறவு, பலுசிஸ்தானில் கிடைத்தது, தோள் உயரம் மட்டும் கிட்டத்தட்ட 4.8 மீட்டர். நம் டவுன் பஸ்ஸின் கூரை அதன் தோளுக்குக் கீழே நிற்கும். பஸ்ஸையே பக்கத்தில் வரைந்தாலும் தப்பில்லை.

பின்னணியில் செடி வரையும்போது பாலாற்றங்கரையை அப்படியே பெயர்த்து வைக்காதீர்கள். சிவதீரியத்தின் பின்னால் சீமைக்கருவேலம் வளர்ந்து நின்ற ஒரு படத்தை நானே பார்த்திருக்கிறேன், மற்றபடி அருமையான படம். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் செடி, 19-ஆம் நூற்றாண்டில்தான் இங்கே வந்தது. தெரியாவிட்டால் புல்லும் மண்ணும் போதும். அதிலும் மிகப் பழைய காலம் என்றால் புல்கூட வேண்டாம், டைமெட்ரோடான் காலத்தில் புல்லே கிடையாது.

முடிந்ததும் மூலையில் சின்ன எழுத்தில் விலங்கின் பெயர், காலம், எந்த எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்தது, திமில், நிறம், காது போன்றவற்றில் எது உங்கள் ஊகம் என்று எழுதிவிடுங்கள். அடுக்கிய பட்டர் பேப்பர்களைக் கிளிப் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் படத்தைப் போட்டதும் யாராவது ஒருவர் “இது இப்படி இருந்திருக்காதே” என்று வருவார். எந்த எலும்பை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் எலும்பைக் காட்டிவிட்டால் முழுப் படத்தையும் கிழிக்க வேண்டாம், அந்த ஒரு பட்டர் பேப்பரை மட்டும் மாற்றி வரைந்தால் போதும்.